அவசரக் கருத்தடை: எதை எடுத்தால் மாதவிடாய் எப்படி மாறும்?

ஆணுறை கிழிந்துவிட்டது. அல்லது தினசரி மாத்திரை இரண்டு மூன்று நாள் விட்டுப்போனது. அல்லது கருத்தடை ஊசி போட வேண்டிய தேதி தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அல்லது எந்தத் தடுப்பும் இல்லாமலே நடந்துவிட்டது. இதற்குப் பிறகு பெண்கள் கேட்பது இரண்டு கேள்விகள். எதை எடுத்தால் கரு தங்காது? எடுத்தபின் மாதவிடாய் எப்போது வரும்? பலரும் இவற்றை வேறு வேறு கேள்விகளாகப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பதில் இருப்பது ஒரே இடத்தில்தான்: அன்று உங்கள் சுழற்சியில் எத்தனையாவது நாள்?

மலேசியாவின் ஈப்போவிலோ சுங்கை பட்டாணியிலோ இருப்பவர் நாலு பார்மசி ஏறி இறங்கலாம். சுங்கை சிப்புட், பீடோர், கோல கெட்டில் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில் இருப்பவருக்கு அந்த வசதி குறைவு. கடைத்தெருவில் இருக்கும் ஒன்றிரண்டு பார்மசியில் என்ன இருக்கிறதோ அதுதான். அதனால் மருத்துவப்படி எது சிறந்தது என்பதோடு, எது இன்றைக்குள் கைக்கு வரும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் தள்ளி, மூன்று நாள் கழித்துக் கிடைக்கப்போகும் நல்ல மருந்தைவிட, இன்று மாலை கடையில் கிடைக்கும் சுமாரான மருந்து பல சமயம் மேல். எப்போது அப்படி இல்லை என்பதையும் பார்ப்போம்.

மாத்திரை உடம்பில் செய்வது என்ன

சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவது, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. வெளியேறிய முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே கரு தங்கக்கூடிய காலம், முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்.

அவசர மாத்திரை முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. உள்ளே காத்திருக்கும் விந்தணு அதற்குள் செத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. பதிந்த கருவை அது கலைக்காது, ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் குழந்தைக்குக் கெடுதலும் செய்யாது. கருக்கலைப்பு மருந்து முற்றிலும் வேறு மருந்து. கடையில் நின்று பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

முட்டை வெளியேறி 14 நாளில் மாதவிடாய் வரும் என்ற கணக்கு பெரும்பாலும் மாறுவதில்லை. முட்டை ஐந்து நாள் தள்ளிப்போனால் மாதவிடாயும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். முட்டை வெளியேறி முடிந்த பிறகு மாத்திரை போட்டால் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. மாதவிடாய் தன் தேதியில் வரும், மாத்திரையாலும் பயன் இருக்காது.

மூன்று வழிகள், ஒரு கைவைத்தியம்

முதலாவது லெவோநோர்ஜெஸ்ட்ரல், மொத்தம் 1.5 மில்லிகிராம். போஸ்டினோர்-2 பெட்டியில் 0.75 மில்லிகிராம் அளவில் இரண்டு சின்ன மாத்திரைகள் இருக்கும். எஸ்கப்பெல் என்றால் 1.5 மில்லிகிராமில் ஒரே மாத்திரை. மலேசியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் பார்மசிஸ்ட்டிடமே வாங்கலாம். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாள் ஆக ஆகப் பலன் குறையும்: உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய கர்ப்பத்தில் 95 விழுக்காடு தடுக்கப்பட்டது. இரண்டாம் நாளில் 85, மூன்றாம் நாளில் 58.

போஸ்டினோர்-2இல் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு மாத்திரை இருப்பதால், இன்று ஒன்று போதும், இன்னொன்றை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. பாதி அளவு போட்டால் போட்டதாகவே கணக்கில்லை. 12 மணி நேர இடைவெளியில் போடச் சொன்னது பழைய முறை. அதிலும் இரவுப் பணிக்குப் போய் வந்து தூங்கி இரண்டாவதை மறந்தவர்கள் பலர். இரண்டையும் ஒன்றாக, ஒரே வாய் தண்ணீரில் விழுங்குங்கள். பலன் சமம், மறதிக்கு இடமில்லை.

இரண்டாவது யூலிப்ரிஸ்டல் அசிட்டேட், 30 மில்லிகிராம், ஒரே மாத்திரை. எல்லாஒன் என்ற பெயரில் உலகெங்கும் தெரிந்த மருந்து. 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள் வரை போடலாம். விலை கூடுதல், சின்ன ஊர்க் கடைகளில் இருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது காப்பர் டி. மருத்துவரோ பயிற்சி பெற்ற தாதியோ கருப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனம். உறவு நடந்து ஐந்து நாளுக்குள் வைத்தால் ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட கர்ப்பம் தங்குவது அரிது. செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்வதோடு, கரு பதிவதையும் தடுப்பதால், முட்டை வெளியேறிவிட்டதா இல்லையா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. பிறகு எடுக்காமல் விட்டால் பத்து ஆண்டு வரை வேலை செய்யும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் உள்ள ஹார்மோன் சாதனமும் அவசரத்துக்குக் காப்பர் டிக்குச் சளைத்ததல்ல என்று 2021இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அவசரத் தேவைக்கு அதை வைக்கும் வழக்கம் இன்னும் எல்லா இடத்துக்கும் வரவில்லை.

கைவைத்தியம் என்று சொன்னது, வீட்டில் இருக்கும் தினசரிக் கருத்தடை மாத்திரையை வைத்துச் செய்வது. ஒவ்வொன்றிலும் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோலும் 150 மைக்ரோகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரலும் உள்ள மாத்திரை என்றால் இப்போது நாலு, 12 மணி நேரம் கழித்து நாலு. மைக்ரோகைனான் 30 இந்த வகை. 28 மாத்திரை அட்டை என்றால் கடைசி வரிசையில் வேறு நிறத்தில் இருப்பவை மருந்தில்லாதவை, அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். இந்த முறையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குமட்டல், ஐந்தில் ஒருவருக்கு வாந்தி. அதே 1998 ஆய்வில் இதைப் போட்டவர்களில் 3.2 விழுக்காட்டினர் கர்ப்பமானார்கள், தனி லெவோநோர்ஜெஸ்ட்ரல் போட்டவர்களில் 1.1 விழுக்காட்டினர். வேறு எதுவும் கிடைக்காத நீண்ட விடுமுறையில் மட்டும் இதை நினையுங்கள். வேறு வகைத் தினசரி மாத்திரையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

பிரிமோலட்-என் இந்தப் பட்டியலில் வராது. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போடப் போடும் அந்த மாத்திரை பல வீடுகளில் கிடக்கும். அது அவசரக் கருத்தடை ஆகாது. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளு, கறுப்பு பீர் எதுவும் முட்டையைத் தள்ளிப்போடாது. அவற்றால் வீணாவது 72 மணி நேரத்தில் ஒரு பகுதி.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரே போதும். மாதவிடாய் தொடங்கிய நாள் ஜூன் 3 என்று வைப்போம். சுழற்சி ஒழுங்காக 28 நாள். அடுத்தது ஜூலை 1இல் வர வேண்டும். முட்டை வெளியேறுவது ஜூன் 16 வாக்கில்.

உறவு நடந்தது ஜூன் 8 இரவு, மறுநாள் காலை லெவோநோர்ஜெஸ்ட்ரல் போட்டாயிற்று. இது சுழற்சியின் ஏழாம் நாள். முட்டை இன்னும் வளரத் தொடங்கிய நிலைதான். மருந்தின் அளவு உடலில் ஏறி இறங்கும்போது கருப்பையின் உள்படலம் ஆட்டம் கண்டு, ஒரு வாரம் பத்து நாளில் ரத்தம் போகலாம். முட்டை வெளியேறுவதற்கு முன்பே போட்டவர்களுக்கு அந்தச் சுழற்சி சராசரியாகப் பதினோரு நாள் அளவுக்குச் சுருங்கியதை 2006இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு சுருங்கும். ஆகவே ஜூலை 1இல் எதிர்பார்த்தவருக்கு ஜூன் 20 வாக்கிலேயே வந்துவிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. இந்தக் கட்டத்தில் போஸ்டினோர் போதுமானது. யூலிப்ரிஸ்டல் தேடி ஈப்போவுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

இப்போது உறவு ஜூன் 14இல் நடந்தது என்று வையுங்கள். மறுநாள் 13ஆம் நாள். இதுதான் சிக்கலான இடம். முட்டையை வெளியேற்றும் எல்எச் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் லெவோநோர்ஜெஸ்ட்ரலால் அதை நிறுத்த முடியாது. யூலிப்ரிஸ்டல் அந்த ஏற்றம் தொடங்கிய பிறகும், உச்சியைத் தொடுவதற்கு முன்பு வரை வேலை செய்யும். முட்டைப்பை (சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு குமிழ்) 18 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து முட்டை வெளியேறும் தறுவாயில் இருந்த பெண்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்டார்கள். யூலிப்ரிஸ்டல் போட்டவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினருக்கு முட்டை குறைந்தது ஐந்து நாள் தள்ளிப்போனது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் போட்டவர்களில் 15 விழுக்காடுதான். மருந்தே இல்லாத மாத்திரை போட்டவர்களில் 4. இந்த மூன்று எண்களையும் பார்த்தாலே போதும்: சுழற்சியின் நடுவில் இருப்பவர் காப்பர் டியையோ யூலிப்ரிஸ்டலையோ தேடி அலைவதில் அர்த்தம் இருக்கிறது. இந்த ஒரு கட்டத்தில்தான் பெரிய ஊருக்குப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

அன்றைக்கே கிடைக்காது என்றால்? கையில் இருக்கும் லெவோநோர்ஜெஸ்ட்ரலைப் போட்டுவிட்டுக் காப்பர் டிக்கு ஏற்பாடு செய்யலாம். ஆனால் லெவோநோர்ஜெஸ்ட்ரலைப் போட்டுவிட்டு, நாளைக்கு யூலிப்ரிஸ்டலையும் போடுவோம் என்று திட்டம் போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். முந்திய ஏழு நாளுக்குள் லெவோநோர்ஜெஸ்ட்ரலோ தினசரி மாத்திரையோ உடம்பில் போயிருந்தால் யூலிப்ரிஸ்டலின் பலன் குறையும். யூலிப்ரிஸ்டல் போட்டு ஐந்து நாள் ஆகும்வரை லெவோநோர்ஜெஸ்ட்ரல் கூடாது. ஆகவே எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த நாளில் யூலிப்ரிஸ்டல் போட்டு அது வேலை செய்திருந்தால், ஜூலை 1 தேதி ஜூலை 6க்கோ அதற்குப் பிறகோ தள்ளிப்போகும். மருந்தோடு வரும் விளக்கத் தாளிலேயே கணக்கு இருக்கிறது: 18.5 விழுக்காட்டுப் பெண்களுக்கு ஏழு நாளுக்கு மேல் தாமதம், 4 விழுக்காட்டினருக்கு இருபது நாளுக்கு மேல் தாமதம், 7 விழுக்காட்டினருக்கு ஏழு நாளுக்கு மேல் முன்கூட்டி. நடுவில் இலேசான கறை படுவது பதினொரு பேரில் ஒருவருக்கு இருக்கும், இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். லெவோநோர்ஜெஸ்ட்ரலில் ஏழு நாளுக்கு மேல் தாமதம் ஆவது நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவு. அதாவது ஒன்று பெரும்பாலும் முன்னே இழுக்கும், மற்றது பின்னே தள்ளும்.

மூன்றாவதாக, உறவு ஜூன் 22இல். சுழற்சியின் இருபதாம் நாள். ஒழுங்கான சுழற்சி என்றால் முட்டை வெளியேறி அதன் ஆயுளும் முடிந்துவிட்டது. கர்ப்பம் தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு, மாத்திரைக்கும் இங்கே வேலை இல்லை. போட்டாலும் மாதவிடாய்த் தேதி ஏறத்தாழ அப்படியே இருக்கும், வரும் மாதவிடாய் மட்டும் ஒன்றிரண்டு நாள் கூட நீடிக்கலாம். அப்படியானால் போடவே வேண்டாமா? காலண்டர் சரியாக இருந்தால் வேண்டாம். நம்மில் எத்தனை பேருக்குச் சுழற்சி அவ்வளவு ஒழுங்கு? சினைப்பையில் நீர்க்கட்டிச் சிக்கல் உள்ளவர், பாலூட்டுகிறவர், ஷிப்ட் மாறி மாறிப் பேக்டரிக்குப் போகிறவர், போன மாதமும் இதே மாத்திரையைப் போட்டவர், இவர்களெல்லாம் நாள் கணக்கை நம்பி இருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் போட்டுவிடுங்கள். போடுவதால் பெரிய தீங்கு எதுவும் இல்லை.

காப்பர் டிக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. கடந்த சில மாதங்களில் உங்களுக்கு வந்த மிகக் குறுகிய சுழற்சியை எடுத்து அதில் 14 கழியுங்கள். அதுதான் முட்டை வெளியேறியிருக்கக்கூடிய முதல் நாள். அதிலிருந்து ஐந்து நாள் வரை, உறவு எத்தனை நாள் முன்பு நடந்திருந்தாலும், காப்பர் டி வைக்கலாம். 28 நாள் சுழற்சிக்கு 19ஆம் நாள் வரை. நம் உதாரணத்தில் ஜூன் 21 வரை. ஜூன் 10இல் நடந்ததற்கு ஜூன் 19இல் போய் நின்றாலும் காலம் கடந்துவிடவில்லை. இதைத் தெரியாமல், ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு.

காப்பர் டி: தேதி மாறாது, அளவு மாறும்

செம்பு ஹார்மோன் அல்ல. சினைப்பை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எனவே மாதவிடாய் அதே தேதியில் வரும். வரும்போது மட்டும் கூடுதலாக, வலியோடு, நாலு நாள் இருந்தது ஆறு ஏழு நாளாக இருக்கும். இது தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை அதிகம், பிறகு பலருக்குக் குறையும். ரத்தச்சோகை உள்ளவர், ஏற்கெனவே மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவர், இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இருபதில் ஒருவருக்கு அது தானாக வெளியே வந்துவிடும், பெரும்பாலும் முதல் சில மாதத்தில், மாதவிடாயோடு சேர்ந்து. சாதனத்தில் தொங்கும் நூல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். வைக்கும்போது கருப்பையில் துளை விழுவது ஆயிரத்தில் இரண்டு பேருக்கு.

சாதனம் சிறந்ததுதான், ஆனால் அதை வைக்க ஆள் வேண்டும். அரசு சுகாதாரக் கிளினிக்கில் சாதாரணமாகக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று நாள் குறித்துத்தான் வைப்பார்கள். அவசரத்துக்கு வந்திருக்கிறேன், இன்ன தேதிக்குள் வைக்க வேண்டும் என்று கவுண்டரிலேயே சொல்லுங்கள். எல்.பி.பி.கே.என். என்ற அரசின் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளிலும் இனவிருத்திச் சுகாதாரச் சங்கங்களின் கிளினிக்குகளிலும் இந்தச் சேவை உண்டு, அவை பெரும்பாலும் பெரிய ஊர்களில் இருக்கும். தனியார் மகளிர் மருத்துவரிடம் பணம் கூட ஆகும், ஆனால் அன்றைக்கே முடியலாம்.

கடைத்தெருவில் வாங்கும்போது

பார்மசி திறந்திருந்தால் போதாது, பார்மசிஸ்ட் இருக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் இந்த மாத்திரையை விற்க முடியாது. சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை, மதிய இடைவேளை, இரவு எட்டு மணிக்கு மேல் என்றெல்லாம் அவர் இல்லாத நேரம் நிறைய. போன் செய்து, பார்மசிஸ்ட் எத்தனை மணிக்கு வருவார் என்றே கேளுங்கள். கெடாவில் அரசு கிளினிக்குகளுக்கு வெள்ளி, சனி விடுமுறை, பேராவிலும் சிலாங்கூரிலும் சனி, ஞாயிறு. எல்லை ஓரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சில சமயம் கைகொடுக்கும். தனியார் கிளினிக்குகளிலும் மாத்திரை வைத்திருப்பார்கள்.

கவுண்டரில் தெரிந்தவர் நிற்கிறார் என்ற கூச்சம் எல்லாருக்கும் உண்டு. கதை சொல்ல வேண்டியதில்லை. மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டிக் காட்டினால் போதும். பார்மசிஸ்ட் கேட்பது பொதுவாக இவைதான்: எப்போது நடந்தது, கடைசி மாதவிடாய் எப்போது, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா, பாலூட்டுகிறீர்களா. பதிவுப் புத்தகத்தில் எழுதப் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் கேட்கலாம். அது மருந்து விற்பனைக்கான பதிவு, வம்புக்குக் கேட்பதல்ல. கணவரை அனுப்பி வாங்கச் சொன்னால் இந்தப் பதில்களையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலோ இணையத்தில் முகம் தெரியாதவரிடமோ வாங்காதீர்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பலாத்காரம் நடந்திருந்தால் பார்மசிக்கு அல்ல, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஓ.எஸ்.சி.சி. என்ற தனிச் சேவை உண்டு. மாத்திரையோடு, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய எச்ஐவி தடுப்பு மருந்தும் பரிசோதனையும் அங்கேயே நடக்கும். போலீஸ் புகார் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

பலன் குறைவது ஏன்

வாந்தி. இரண்டு மாத்திரைக்குமே விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி முழு அளவு போட வேண்டும். வெறும் வயிற்றில் போடாமல் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் அடங்கும்.

எடை. 70 கிலோவுக்கு மேல், அல்லது பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 26க்கு மேல் இருந்தால் லெவோநோர்ஜெஸ்ட்ரலின் பலன் குறைகிறது. அவர்களுக்குக் காப்பர் டி முதலிடம், அடுத்து யூலிப்ரிஸ்டல். இரண்டும் கிடைக்காதபோது லெவோநோர்ஜெஸ்ட்ரலை இரட்டிப்பாக, 3 மில்லிகிராம் கொடுக்கும் வழக்கம் பிரிட்டன் வழிகாட்டியில் உண்டு. ஆனால் 2022இல் உடல் பருமன் உள்ள பெண்களிடம் செய்த சோதனையில், இரட்டிப்பாகக் கொடுத்ததால் முட்டை கூடுதலாகத் தள்ளிப்போகவில்லை. அதனால் இரண்டு பெட்டி வாங்கிப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மற்ற மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயின், கார்பமசெபின், பினோபார்பிட்டால், எச்ஐவிக்கான எபாவிரென்ஸ் ஆகியவை கல்லீரலைத் தூண்டி, இரண்டு மாத்திரைகளையும் விரைவில் கரைத்துவிடும். மருந்தை நிறுத்தி 28 நாள் வரை இதன் பாதிப்பு இருக்கும். இவர்களுக்குக் காப்பர் டிதான் சரி. முடியாவிட்டால் 3 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல். யூலிப்ரிஸ்டல் வேண்டாம்.

பாலூட்டும் தாய்க்கு லெவோநோர்ஜெஸ்ட்ரல் எளிது. யூலிப்ரிஸ்டல் என்றால் ஒரு வாரம் பாலைப் பீய்ச்சி வெளியே கொட்ட வேண்டும். கடும் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் யூலிப்ரிஸ்டல் ஆகாது.

ரத்தம் வந்துவிட்டது, கவலை தீர்ந்ததா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மாத்திரை போட்டு ஐந்தாறு நாளில் படும் கறை, மருந்து இறங்குவதால் வருவது. கர்ப்பம் இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. கர்ப்பம் இருக்கும்போதும் இலேசாக ரத்தம் படலாம், கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்திலும் படலாம். அதேபோல, தேதி தாண்டிவிட்டது என்பதும் கர்ப்பத்துக்குச் சான்று ஆகாது.

உறவு நடந்த நாளிலிருந்து மூன்று வாரம், அதாவது 21 நாள் கழித்துச் சிறுநீர்ச் சோதனை செய்தால் பதில் நிச்சயம். அதற்கு முன் செய்து இல்லை என்று வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. காலையில் முதலில் போகும் சிறுநீரில் செய்யுங்கள், குச்சியின் பெட்டியில் போட்ட நிமிடக் கணக்குப்படி பாருங்கள். அரை மணி நேரம் கழித்துத் தெரியும் மங்கலான கோட்டை எண்ணாதீர்கள். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் தாமதமானாலும், வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பட்டு நின்றாலும் சோதனை செய்ய வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் குச்சியெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலும் அப்படியே.

சுழற்சி அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ பழைய நிலைக்கு வந்துவிடும். பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகும் என்பது வெறும் பயமுறுத்தல். ஒரே சுழற்சியில் இரண்டு தடவை லெவோநோர்ஜெஸ்ட்ரல் போட நேர்ந்தால் ஆபத்தில்லை, ஆனால் அந்த மாதம் எப்போது ரத்தம் வரும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே மாதத்தின் மீதி நாட்கள்

மாத்திரை தோற்றுப்போகும் பல சந்தர்ப்பங்களில் குற்றம் மாத்திரையில் இல்லை. முட்டையைத் தள்ளிப்போட்டாயிற்று, அப்படியென்றால் அது இன்னும் வெளியேற வேண்டியிருக்கிறது. ஜூன் 16இல் வர வேண்டியது 21இலோ 23இலோ வரும். மாத்திரை போட்டாயிற்றே என்று 19ஆம் தேதி தடுப்பில்லாமல் இருந்தால், தள்ளிப்போன முட்டைக்கு நேராகப் போய் நிற்பது போலத்தான். மாத்திரை போட்டதற்கு முந்திய உறவுக்குத்தான் அது பதில் சொல்லும், பிந்தியதற்கு அல்ல.

எனவே அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை கட்டாயம். தினசரி மாத்திரையோ ஊசியோ தொடங்க நினைத்தால், லெவோநோர்ஜெஸ்ட்ரல் போட்ட அன்றே தொடங்கலாம், கூடவே ஏழு நாள் ஆணுறை. யூலிப்ரிஸ்டல் போட்டிருந்தால் ஐந்து நாள் பொறுத்துத்தான் தொடங்க வேண்டும். உடனே தொடங்கினால் அந்த ஹார்மோன் யூலிப்ரிஸ்டலின் வேலையைக் கெடுத்து, தள்ளிப்போட்ட முட்டையை வெளியே விட்டுவிடும். அப்படி ஆறாம் நாள் தொடங்கிய பிறகும் ஏழு நாள் ஆணுறை வேண்டும். எதைத் தொடங்கினாலும் 21ஆம் நாள் சோதனையைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் தினசரி மாத்திரை அட்டை முடிந்ததும் வரும் ரத்தமும் மருந்து இறங்குவதால் வருவதுதான். காப்பர் டி வைத்தவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வைத்த நிமிடத்திலிருந்தே கருத்தடை நடக்கிறது, பால்வினை நோய்க்கு மட்டும் ஆணுறை தேவை.